நேர்கோட்டில் ஓடாத கணக்கு

(ஜவுளி, மளிகை வணிகர்கள் கூடிய சங்கக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'இயற்கணிதம்' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களில் சிலருக்குப் பழைய கணக்கு வாத்தியாரும் அவர் கைப்பிரம்பும் நினைவுக்கு வந்திருக்கலாம். அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடுகிறேன். இந்தக் கணிதம் உங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டதுதான். கி.பி. 820 வாக்கில் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய நூலின் பெயரிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' வந்தது. யாருக்காக எழுதுகிறேன் என்பதை அவர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சொத்துப் பிரிக்கிறவர்கள், வழக்காடுகிறவர்கள், வியாபாரம் செய்கிறவர்கள், நிலம் அளக்கிறவர்கள் ஆகியோருக்காக எழுதினார். அந்த நூலில் எக்ஸும் கிடையாது, ஒய்யும் கிடையாது. எல்லாம் வாக்கியங்கள்தான். நம் பக்கத்தில் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய 'பீஜகணித'த்தில், தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்திருக்கிறார். ஆகவே எக்ஸ் பிடிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்று நானும் விலைக்கு 'வி' என்றுதான் எழுதப் போகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் மனக்கணக்கில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நாற்பத்தேழரை கிலோ, கிலோ அறுபத்திரண்டு என்றால் கால்குலேட்டரில் என் விரல் போவதற்குள் நீங்கள் விடை சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்தக் கணக்கு நேர்கோட்டுக் கணக்கு. சரக்கு இரண்டு மடங்கானால் பணமும் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். வியாபாரத்தில் பணம் கரைகிற இடங்களில் கோடு வளைந்துவிடுகிறது. வளைந்த கோட்டை மனம் நேர்கோடாகவே எண்ணிக்கொள்கிறது. அங்கேதான் ஒரு தாளில் எழுத்தைப் போட்டு எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜவுளிக்காரர்கள் அதிகம் இருக்கிறீர்கள், ஆடித் தள்ளுபடியிலிருந்தே தொடங்குவோம்.

அடக்கவிலை 75 ரூபாய், விற்கும் விலை 100 ரூபாய் என்று ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்ன சொல்வார்? "75 போட்டு 25 எடுக்கிறேன், 33 சதவீதம் லாபம்." சரிதான். ஆடி வந்துவிட்டது, 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கிறார். "33இல் 20 போனால் 13 நிற்கும், போதும்" என்பது அவர் மனக்கணக்கு. நின்றது என்ன? 100 ரூபாய்த் துண்டு 80க்குப் போகிறது. அடக்கம் 75. கையில் 5 ரூபாய். போட்ட முதலுக்கு 7 சதவீதம்கூடத் தேறவில்லை. லாபத்தை அடக்கவிலையின் மேல் கணக்கிட்டார், தள்ளுபடியை விற்பனை விலையின் மேல் கொடுத்தார். இரண்டு வேறு அடிப்படையில் நிற்கும் சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இதற்கு மேல்தான் வளைவு வருகிறது. தள்ளுபடி கொடுத்தால் விற்பனை கூடும், அதில் ஈடுகட்டிவிடலாம் என்பது வழக்கமான பேச்சு. எவ்வளவு கூட வேண்டும்? 100 ரூபாயில் நிற்கிற லாபத்தை 'லா' என்போம், தள்ளுபடியை 'த' என்போம். முன்பு ஒரு துண்டுக்கு லா கிடைத்தது, இப்போது லா − த கிடைக்கிறது. மொத்த லாபம் குறையாமல் இருக்க வேண்டுமானால் விற்பனை இத்தனை மடங்காக வேண்டும்:

மடங்கு = லா ÷ (லா − த)

நம் துண்டுக்கு லா 25. தள்ளுபடி 5 ரூபாய் என்றால் 25 ÷ 20, அதாவது ஒன்றேகால் மடங்கு. நூறு துண்டு விற்ற இடத்தில் 125 விற்க வேண்டும், நடக்கக்கூடியது. தள்ளுபடி 10 என்றால் 167 துண்டு. 15 என்றால் 250. 20 என்றால் 500. தள்ளுபடி 5இலிருந்து 20 ஆக நாலு மடங்கு கூடியபோது, கூடுதலாக விற்க வேண்டிய துண்டு 25இலிருந்து 400 ஆகிவிட்டது, பதினாறு மடங்கு! 25 ரூபாய் தள்ளினால் எத்தனை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. கூட்டம் அலைமோதும், பைகள் தீரும், தற்காலிகப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பீர்கள், கல்லாவில் பழைய லாபம் இருக்காது.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் இன்னொரு செய்தி கிடைக்கும். விலையை 5 ரூபாய் ஏற்றினால் 25 ÷ 30. ஆறு வாடிக்கையாளரில் ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாலும் உங்கள் லாபம் குறையாது. அந்த ஒருவரை நினைத்துத்தான் நாம் வருடக்கணக்கில் விலையைத் தொடாமல் இருக்கிறோம்.

உடனே ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் மறுக்கத் தயாராவது தெரிகிறது. "ஐயா, ஆடியில் நான் தள்ளுவது போன வருடச் சரக்கு. அது முடங்கிக் கிடந்தால் வட்டி யார் கட்டுவது?" நியாயமான மறுப்பு. அந்தச் சரக்குக்கு மேலே சொன்ன சூத்திரம் பொருந்தாது, சமன்பாட்டை மாற்றித்தான் எழுத வேண்டும். நீங்கள் இரண்டு வட்டிக்குப் பணம் புரட்டுகிறவர் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அடுத்த ஆண்டு 100 ரூபாய்க்கு விற்கப் போகிற துண்டின் இன்றைய மதிப்பு 100 ÷ 1.24, ஏறக்குறைய 81 ரூபாய். ஆக, இன்று 81க்கு மேல் எந்த விலைக்குப் போனாலும் விற்றுவிடுவது மேல். அதாவது முடங்கிய சரக்குக்கு 19 சதவீதம் வரை தள்ளுபடி புத்திசாலித்தனம். நேற்று வந்திறங்கிய புதுச் சரக்குக்கு அதே 19 சதவீதம் தற்கொலை. ஒரே போர்டின் கீழ் இரண்டையும் கலந்து வைக்கிற கடைகளைத்தான் நான் ஆடிதோறும் பார்க்கிறேன்.

அடுத்தது விலை. எந்த விலை வைத்தால் லாபம் அதிகம்? இந்தக் கேள்வியை முதன்முதலில் சமன்பாடாக எழுதியவர்களில் முக்கியமானவர் அகஸ்டின் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணிதப் பேராசிரியர். 1838இல் எழுதினார். ஊரில் ஒரே ஒரு மருத்துவ நீர்ச்சுனை, அதற்கு ஒரே ஒரு சொந்தக்காரர்; தண்ணீருக்குச் செலவில்லை; எந்த விலைக்கு விற்பார்? எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது விலையைப் பொறுத்து மாறுகிறது, அந்த உறவைத்தான் கணிதத்தில் சார்பு என்கிறோம். விலையை ஏற்றினால் ஒவ்வொரு குவளைக்கும் அதிகம் கிடைக்கும், குவளைகள் குறையும். இரண்டையும் பெருக்கி, எங்கே உச்சம் என்று பார்த்தார். அந்தப் புத்தகத்தைப் பல ஆண்டுகள் ஒருவரும் சீண்டவில்லை. பொருளாதாரம் படித்தவர்களுக்குக் கணிதம் பிடிக்கவில்லை, கணிதம் படித்தவர்களுக்குச் சந்தை பிடிக்கவில்லை.

நாம் சுனையை விட்டுவிட்டு மதியச் சாப்பாடு போடுகிற மெஸ்ஸுக்கு வருவோம். எண்கள் என் கற்பனை. சாப்பாடு 80 ரூபாய், தினம் 200 பேர் வருகிறார்கள். 90 ஆக்கியபோது 180 பேர் வந்தார்கள். அரிசி, காய், எண்ணெய், கேஸ் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 50 ரூபாய் ஆகிறது. பத்து ரூபாய்க்கு இருபது பேர் குறைகிறார்கள் என்றால், வருகிறவர்கள் 360 − 2வி. அப்படியானால்

லாபம் = (வி − 50) × (360 − 2வி)

விலை 50 என்றால் லாபம் பூஜ்யம், ஏனென்றால் கைக்கும் வாய்க்கும் சரி. விலை 180 என்றாலும் பூஜ்யம், ஏனென்றால் ஆளே வரமாட்டார்கள். இந்த வளைவு இருபுறமும் ஒரே மாதிரி இறங்குவதால் உச்சம் இரண்டுக்கும் சரிபாதியில், 115இல் இருக்கும். அங்கே 130 பேர், 8,450 ரூபாய். பழைய 80 ரூபாயில் கிடைத்தது 6,000. நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பாதி எடுக்கத் தெரிந்தால் போதும்.

இந்தச் சமன்பாட்டில் எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விலை 150 என்று போட்டுப் பாருங்கள். 60 பேர் வருகிறார்கள், தலைக்கு 100 ரூபாய், மொத்தம் 6,000. எண்பது ரூபாய்க்கு இருநூறு பேருக்குப் பந்தி போட்டாலும் ஆறாயிரம், நூற்றைம்பது ரூபாய்க்கு அறுபது பேருக்குப் போட்டாலும் அதே ஆறாயிரம். பெஞ்சு காலியாக இருக்கிறதே என்று சமன்பாடு வருத்தப்படாது. ஊரில் நாலு பேர் பசியாற வருகிற இடமாகக் கடை இருக்க வேண்டும் என்று நினைப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், இடுப்பு வலிக்கிறவர் இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பார்.

ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். 180 ரூபாய் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது யாருக்குத் தெரியும்? 80, 90 ஆகிய இரண்டு விலையில்தான் நாம் பார்த்தோம். அந்த இரண்டு புள்ளிகளை வைத்துக் கோட்டை இழுத்துக்கொண்டே போனோம். பக்கத்தில் புதிதாக ஒரு மெஸ் திறந்தால் கோடு இடம்மாறிவிடும். 115க்கு ஒரே தாவாகத் தாவச் சொல்லவில்லை. விலையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று சமன்பாடு சொல்லிவிட்டது. ஐந்தைந்து ரூபாயாக நகர்த்தி, தினம் எத்தனை இலை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணாமல் ஏற்றுகிறவருக்கு இயற்கணிதம் உதவாது.

மளிகைக்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு லோடில் எத்தனை மூடை எடுப்பது? அதிகம் எடுத்தால் லாரி வாடகை மிச்சம், ஆனால் பணம் குடோனில் தூங்கும், வட்டி ஓடும், எலி தின்னும். குறைவாக எடுத்தால் அடிக்கடி லாரி. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலை நிர்வாகப் பத்திரிகை ஒன்றில் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர் அவர். அந்தச் சூத்திரம் உலகம் முழுக்கப் பரவியது. எழுதியவர் பெயர் மறந்து, வெகுகாலம் அது வில்சன் என்ற வேறொருவரின் பெயரில் வழங்கியது. அது இதுதான்: ஓராண்டு விற்பனையை ஒரு லோடுக்கு ஆகும் செலவால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஒரு மூடையை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

வருடத்துக்கு 1,200 மூடை அரிசி விற்கிறீர்கள். ஒரு லோடுக்கு வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி 600 ரூபாய். ஒரு மூடையை ஒரு வருடம் வைத்திருக்க வட்டியும் சேதாரமும் சேர்த்து 100 ரூபாய். கணக்குப் போட்டால் 120 மூடை வரும். வருடத்துக்குப் பத்து லோடு, 6,000 ரூபாய். சராசரியாக 60 மூடை இருப்பில் நிற்கும், அதற்கும் 6,000 ரூபாய். இரண்டு செலவும் சமமாகிற இடமே மொத்தச் செலவு குறைந்த இடம். 120க்குப் பதில் 150 எடுத்தால் எவ்வளவு நஷ்டம்? வெறும் 300 ரூபாய். 240 எடுத்தால்தான் 3,000 ரூபாய் கூடும். அதாவது இந்த வளைவின் அடிப்பகுதி தட்டையானது, ஏறக்குறையச் சரியாக இருந்தாலே போதும். ஆனால் வர்க்கமூலத்தைக் கவனியுங்கள்: வியாபாரம் நாலு மடங்கானால் லோடின் அளவு இரண்டு மடங்கானால் போதும். வியாபாரம் பெருகியவுடன் அதே விகிதத்தில் குடோனைப் பெரிதாக்கி, அதற்குக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடன் என்றதும் இதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகிவிட்டீர்கள். அங்கேதான் வரப்போகிறேன்.

தண்டலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 10,000 ரூபாய்க் கடன் என்று நோட்டில் எழுதுவார்கள், 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "ஆயிரம் ரூபாய்தானே, பத்து சதவீதம்தானே, மூன்றே கால் மாதம் ஓடுகிறதே" என்று வாங்குகிறவர் சமாதானம் சொல்லிக்கொள்வார். இந்தப் பத்து சதவீதம் சுத்தப் பொய். முதல் பொய், நீங்கள் வாங்கியது பத்தாயிரம் கிடையாது, ஒன்பதாயிரம். இரண்டாவது, அந்த ஒன்பதாயிரமும் நூறு நாள் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளே திரும்பிப் போகத் தொடங்குகிறது. ஐம்பதாவது நாளில் உங்களிடம் இருக்கும் அசல் சுமார் 4,700தான்.

உண்மையான வட்டியைக் கண்டுபிடிக்க, தினவட்டியை 'வ' என்று வைத்து, நூறு நாள் கட்டும் நூறு நூறு ரூபாய்களின் இன்றைய மதிப்பையெல்லாம் கூட்டினால் 9,000 வர வேண்டும் என்று எழுத வேண்டும். அதைக் கையால் தீர்ப்பது சிரமம். செல்போனில் உள்ள எக்செலில் 'ரேட்' என்று ஒரு சார்பு இருக்கிறது. தவணை நூறு, தினம் கட்டுவது கழித்தல் குறியோடு நூறு, வாங்கியது ஒன்பதாயிரம் என்று கொடுத்தால் அதுவே சொல்லிவிடும். விடை நாளொன்றுக்கு 0.21 சதவீதத்துக்குச் சற்று மேல். நம் பேச்சில் சொன்னால் ஆறு வட்டிக்கும் மேல். ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றையெல்லாம் பெயர் சொல்லியே வரையறுத்து, தமிழ்நாடு அரசு 2003இல் அதீத வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. சாயங்காலம் நோட்டோடு வருகிறவரும் இருக்கிறார்.

இதைவிடக் கொடியதும் உண்டு. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அவர்களுடைய 'புவர் எகனாமிக்ஸ்' நூலில் நம் சென்னைத் தெருவோரப் பழ, காய்கறி வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் மொத்த வியாபாரியிடம் 1,000 ரூபாய்க்குச் சரக்குக் கடனாக எடுத்து, இரவில் சராசரியாக 1,046 ரூபாய் 90 பைசா திருப்பிக் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 4.69 சதவீதம். அந்த ஆயிரத்தை வட்டிக்கு வட்டி போட்டு ஓராண்டு ஓடவிட்டால் எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு லட்சம்? பத்து லட்சம்? ஏறக்குறைய 1,840 கோடி ரூபாய். நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அடுக்குகளில் வளர்கிற சார்பை மனம் பிடிக்கவே பிடிக்காது.

அன்றன்றே அடைத்துவிடுவதால் யாரும் கோடிக்கணக்கில் கடன்படுவதில்லை. ஆனால் அந்த வளைவு அவர்கள் பக்கமும் வேலை செய்யும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வியாபாரி தினம் லாபத்தில் பத்து ரூபாயை எடுத்து வைத்து, மறுநாள் கடனைப் பத்து ரூபாய் குறைத்து வாங்குகிறார் என்று வையுங்கள். ஆயிரம் சேர எத்தனை நாள்? நேர்கோட்டு மனம் நூறு நாள் என்கிறது. ஆனால் கடன் குறையக் குறைய வட்டியும் குறைகிறது. அந்த மிச்சமும் மறுநாள் முதலில் சேர்கிறது. எழுதிப் பார்த்தால் 38 நாள். தினம் ஐந்து ரூபாய் என்றாலும் 52 நாள்தான். அதன் பிறகு தினம் 46 ரூபாய் 90 பைசா அவருடையது. வருடத்தில் முந்நூறு நாள் கடை போட்டால் 14,070 ரூபாய்.

அப்படியானால் ஏன் செய்யவில்லை என்று கேட்பது சுலபம். சமன்பாட்டில் காய்ச்சல் வருகிற நாள் இல்லை, மழையில் தக்காளி அழுகுகிற நாள் இல்லை, பிள்ளையின் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் இல்லை. முப்பதாவது நாளில் ஒரு செலவு வந்தால் சேர்த்தது போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வியாபாரிகளுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. ஆனால் 38 நாள் என்ற எண் தெரிந்திருந்தால் எத்தனை பேர் மறுபடி தொடங்கியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நூறு நாள் என்று நினைத்தால் கால் துவளும். 38 நாள் என்றால் ஆடி பிறப்பதிலிருந்து ஆவணி முதல் வாரம் வரைதான்.

இந்தச் சபையில் இருப்பவர்களில் சிலர் அந்த வியாபாரிகளுக்குச் சரக்கு கொடுக்கிறவர்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயிரம் ரூபாய்க்கு நாற்பத்தேழு வாங்குவது இன்றைய கணக்கில் லாபம்தான். அவர் சொந்த முதலில் இரண்டாயிரத்துக்குச் சரக்கு எடுக்கிறவராக வளர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஒரு சமன்பாடாக எழுதிப் பாருங்கள். விடை உங்கள் கடையின் எண்களைப் பொறுத்தது; என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. அதே புத்தகத்தில் இருபடிச் சமன்பாடும் இருக்கிறது. இன்று நான் போட்ட மெஸ் கணக்கை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய், பொட்டலம் மடிக்க விடாமல், கொள்முதல் பில்லையும் விற்பனை நோட்டையும் கையில் கொடுங்கள். தண்டல் நோட்டு இருந்தால் அதையும் மறைக்காமல் கொடுங்கள்.